பாலிக் பூலாவ் மலையில் இருபத்தாறு நிமிடம்

பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தகவல், நேரில் வந்து தட்டு வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு என்பது எங்கள் மல்லிகா அக்காவின் கட்சி. என் பெரியம்மா மகள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பொள்ளாச்சியிலிருந்து பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போனில் சொன்னேன். “சந்தோசம் கோகிலா. எப்ப வந்து கூப்புடறே?” என்றாள். கடல் தாண்டிப் போனவளுக்கு முறையெல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்தது என் தப்பு. இங்கே இருக்கிற நாம்தான் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு விமானம் என்றாலே காது அடைக்குமாம். இதுவரை ஏறியதே இல்லை, ஆனாலும் அடைக்குமாம். அதனால் நான் மட்டும் கிளம்பினேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொள்ளாச்சியில் இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பழகுகிறவர்களுக்கான காரில் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் யார் வண்டியில் ஏறினாலும் என் கால் சும்மா இருக்காது. வாயும்தான்.

புதன்கிழமை மத்தியானம் இறங்கினேன். கூட்டிப்போக வருவதாக இருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர் மணியம் மாமா. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஷிஃப்ட் மாறிவிட்டதால் வர முடியவில்லை, டாக்சி பிடித்து வா என்றாள் அக்கா. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் டாக்சிக்குக் கெஞ்சுவதா என்று பஸ் ஏறினேன். “சுங்கை பினாங்” என்றேன். டிரைவர் தலையாட்டினார். ஐந்து ரிங்கிட் நோட்டை (அங்கே ‘வெள்ளி’ என்கிறார்கள்) நீட்டினால் சில்லறை தர மாட்டேன், அப்படியே உண்டியலில் போடு என்று கையைக் காட்டினார். போட்டேன். சாமிக்குப் போட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஊருக்குள் போகும் என்று பார்த்தால் மலை ஏறத் தொடங்கியது. வால்பாறைப் பாதையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு பார்த்தவளுக்கு இது ஒன்றும் பெரிய மலை இல்லை. ஆனால் அந்த மனிதர் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்கவே இல்லை. என் வலது கால் இல்லாத பிரேக்கை அமுக்கி அமுக்கி மரத்துப் போனது. மலையின் அந்தப் பக்கம் இறங்கியதும் வயல், ரம்புத்தான் தோப்பு, மேயும் எருமை. அக்கா இருப்பது ஒன்பதாவது மாடி. எருமைக்கு நடுவில் ஒன்பது மாடி எங்கே இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கையில் பிடித்திருந்த மலாய்க்கார அம்மா ஒருத்தி என் போனை வாங்கி விலாசம் பார்த்துச் சிரித்தாள். இந்தத் தீவில் சுங்கை பினாங் இரண்டு இருக்கிறது, உன்னுடையது மலைக்குப் பின்னால் ஜார்ஜ் டவுனில் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையாலும் சொன்னாள். திரும்பும் பஸ்சுக்கு அரை மணி நேரம் இருந்தது. அந்த ஊர் பேர் பாலிக் பூலாவ். அதன் சந்தையில் லக்சா சாப்பிட வைத்தாள். மீன் குழம்பில் புளியை அள்ளிப் போட்டு, தடித்த சேமியாவை மிதக்கவிட்டு, மேலே புதினாவும் அன்னாசியும் போட்டுத் தருகிறார்கள். முதல் வாய்க்கு முகம் சுளித்தேன், மூன்றாவது வாயில் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்தேன். வழி தவறியதில் எனக்கு வருத்தமே இல்லை.

அக்கா வீட்டு பால்கனியில் துணி காயும் கொடிக்கு மேலே சைக்கிள் சக்கரங்கள் தொங்கின. எண்ணிப் பார்த்தேன், ஏழு. கூடத்துச் சுவர் முழுக்க அவள் மகன் ரூபனின் படங்கள். இருபத்தாறு வயது. ஒரு கம்பெனி அணியில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டுகிறான்.

“சைக்கிள் ஓட்டறதுக்குச் சம்பளமா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஏன், நீ கார் ஓட்டச் சொல்லிக்குடுத்துச் சம்பாரிக்கல? அவன் மலை ஏறறதுக்கு வாங்கறான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணைச் சுற்றிக் கருவளையம். ரூபன் சனிக்கிழமை வருகிறான், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மலை ஏற வேண்டும் என்று இவள் மூலமாகக் கேட்டிருக்கிறான், அவர் மாட்டேன் என்கிறார் என்றாள். அப்பனும் மகனும் பேசி ஆறு வாரம் ஆகிறதாம். ஏன் என்றதற்கு, “நாளைக்கு பாய் கடைக்கு வா. ஊரே சொல்லும்” என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹமீது பாய் கடைக்குப் போனோம். பாய்க்கு நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் ஐந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோறே தெரியாமல் முழுக வைப்பார்கள். நம்மூரில் ஒரு குழம்போடு இன்னொன்று கலந்தால் பரிமாறியவரைத் திட்டுவோம். இங்கே கலந்தால்தான் ருசி. இரண்டாம் முறை சோறு கேட்டேன். பாய்க்கு என்னைப் பிடித்துப்போனது.

அந்தக் கடைதான் மணியம் மாமா தொடங்கிய சைக்கிள் கிளப்புக்கு ஆபீஸ் மாதிரி. இருபது பேர் இருக்கலாம். துறைமுகத்துக்காரர், பேக்டரிக்காரர், மீன் வியாபாரி என்று எல்லாரும் கலந்துதான். நாங்கள் போனபோது சத்தம் தெருவரை கேட்டது. அதிகமாகக் கத்தியவர் சந்திரன். சிம்பாங் அம்பாட் பேக்டரியில் டெக்னிஷியன். புக்கிட் மெர்தாஜாமில் வீடு. சைக்கிளையும் தூக்கிக்கொண்டு பெர்ரியில் கடல் தாண்டி வந்து, பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘லா’ சேர்த்துச் சண்டை போடுகிறார்.

எனக்குப் புரியவில்லை என்றதும் பாய் கச்சான் கடலையை மேஜையில் வரிசையாக வைத்தார். “அக்கா, இது ஏழு நாள் பந்தயம். ஒவ்வொரு நாள் நேரத்தையும் கூட்டி, கொறைஞ்ச நேரம் யாருக்கோ அவர் ஜெயிச்சாரு. இந்த வெண்டைக்கா இருக்கே, இதான் கேப்டன். கடலையெல்லாம் வேலைக்காரங்க. கேப்டனுக்குக் காத்து மறைக்கணும், தண்ணி குடுக்கணும், டயர் போச்சுன்னா நின்னு கூட்டிட்டு வரணும். நம்ம ரூபன் ஒரு கடலை.”

“அந்தக் கடலை என்ன பண்ணுச்சு?”

“இந்தோனேசியாவுல அஞ்சாம் நாள், மலையில, வெண்டைக்காய்க்கு டயர் போச்சு. இது நிக்கல. போயிட்டே இருந்துச்சு. அன்னிக்கு மூணாவதா வந்துச்சு. கேப்டன் பந்தயத்தையே விட்டுட்டாரு.”

“அதான் கேக்கறேன்!” என்று சந்திரன் மேஜையைத் தட்டினார். “நம்ம கிளப்புல ரூல் என்ன? கடைசி ஆள விட்டுட்டுப் போகக் கூடாது. மணியம் அண்ணே போட்ட ரூல் லா. அவர் மகனே இப்படிப் பண்ணா?”

“டேய், காதுல மாட்டற டீம் ரேடியோ கேக்கலையோ என்னமோ. இருபத்தாறு வயசுப் பையன், காலு நல்லா இருந்துச்சு, போயிட்டான். மூணாவது டா! நம்ம சுங்கை பினாங் பையன்!” என்றார் பாய்.

“காலு நல்லா இருந்துச்சு, சரி. எப்படி நல்லா இருந்துச்சு பாய்?” சந்திரன் குரலைத் தாழ்த்தி, போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார்.

அதையும் விளக்க வேண்டும். பாலிக் பூலாவ் போகும் மலையுச்சியில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே கிளப்பின் வெள்ளைப் பலகை தொங்குகிறது. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதுவார்கள். எழுதுகிறவர் மணியம் மாமா. கடைசி ஆளோடு கூடவே ஏறி வருகிறவருக்கு நேரம் போடுவதில்லை. பேருக்கு நேரே ‘வால்’ என்று எழுதிவிடுவார்கள். வாலாக வந்தவருக்குத்தான் அன்று மரியாதை, சாப்பாடும் அவருக்குத்தான் முதலில். சந்திரன் காட்டியது போன டிசம்பர் பலகை. மணியம், வால். ரூபன், இருபத்தாறு நிமிடம்.

“நானே பதினேழு நிமிசத்துல ஏறுவேன். சம்பளத்துக்கு ஓட்டறவன் இருபத்தாறு! முடியாம ஏறினான், அப்பன் கூடவே இருந்து கூட்டிட்டு வந்தாரு. ஆறு மாசம் கழிச்சு அதே ஆளு பெரிய மலையில மூணாவது. நான் ஒண்ணும் சொல்லல லா. கேள்விதான் கேக்கறேன்.”

கேள்வியில் என்ன இருந்தது என்று எனக்கே புரிந்தது. மருந்து. ஊசி. இந்தப் படம் ஆறு வாரமாகப் போன் போனாகச் சுற்றுகிறது, அடுத்த வருடத்துக்கு ரூபனை வைத்துக்கொள்வதா என்று அணி யோசிக்கிற நேரத்தில் இது அவர்கள் காதுக்கும் போனால் பையன் கதி என்ன என்று அக்கா திரும்பி வரும்போது சொன்னாள். எனக்குச் சந்திரனை அந்த வெண்டைக்காயாலேயே அடிக்க வேண்டும் போலிருந்தது. மணியம் மாமா அந்தச் சண்டை நடந்த நேரம் முழுக்கக் கடை வாசலில் நின்று யாருடையதோ சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தட்டு வைத்தேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை. இருவரும் சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். வந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. “ரூபனும் கண்டிப்பா வரணும் மாமா” என்றேன். அவர் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

அன்று அவருக்கு லீவு. புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார். பெர்ரியில் கடல் தாண்டினோம். தண்ணீர் மேல் காற்று வாங்கிக்கொண்டு பத்து நிமிடம், அதற்குள் அவர் இரண்டு பொட்டலம் தேத்தண்ணீர் வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் கட்டி, உறிஞ்சுகுழலைச் செருகி விரலில் தொங்கவிடுகிறார்கள். ஒரு கையால் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கென்றே கண்டுபிடித்தது போலிருந்தது. பொள்ளாச்சியில் இது வந்தால் என் மாணவர்கள் கெட்டார்கள்.

டிரைவரும் டிரைவரும் பேசினால் நேரம் போவது தெரியாது. நாற்பதடி கண்டெய்னரை ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி அவர் சொன்னதை நான் வாய் பிளந்து கேட்டேன். தமாஷான மனிதர். ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிள் எடுக்கிறார். ரூபன் பேச்சை எடுத்ததும் மட்டும் பேச்சு சுருங்கிவிட்டது.

“உங்க பையனைப் பத்தி என்னென்னமோ பேசறாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா மாமா?”

“அவன் கேப்டனை விட்டுட்டுப் போனது தப்பு. அதான் எனக்குக் கோபம்.”

“அது சரிங்க. அந்த இருபத்தாறு நிமிசம்?”

தேத்தண்ணீர் பை காலியான பிறகும் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கரை வந்துவிட்டது, இறங்கலாம் என்றார்.

சனிக்கிழமை ரூபன் வந்தான். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. கன்னம் ஒட்டியிருந்தது, தொடை மட்டும் தனியாக வேறு ஆளுடையது போல. “சித்தி!” என்று கட்டிக்கொண்டான். அக்கா நண்டு வறுவல், கோழிக் குழம்பு, ரசம் எல்லாம் செய்து வைத்திருந்தாள். அவன் சோற்றை ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ருசி பார்த்தான். சாப்பிட்டு முடித்து அப்பாவைப் பார்த்தான்.

“அப்பா, நாளைக்கு வர்றீங்களா?”

“பின் டயர் சரியில்ல” என்றார் மாமா. எழுந்து கை கழுவப் போனார்.

ரூபன் பால்கனியில் உட்கார்ந்து அப்பாவின் சைக்கிளைக் கவிழ்த்து, பின் டயரைக் கழற்றிப் புது டயர் போட்டான். பிரேக் கட்டையும் மாற்றினான். துடைத்துச் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விருந்தாளி, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபத்திரண்டு வருடமாக மூடாத வாய்.

“ஏனுங்க மாமா, ஓட்டத் தெரிஞ்சவங்க வண்டி எடுக்காம நிக்கறதுக்கு ரெண்டே காரணம்தான் நான் பாத்திருக்கேன். ஒண்ணு, பிரேக் இருக்காது. இல்லன்னா பயம் இருக்கும். பிரேக்க உங்க பையன் புதுசா போட்டுட்டான். உங்களுக்கு என்னங்க பயம்?”

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிடிபட்டுப்போன ஆள் போலப் பார்த்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரம். கீழே இருபது சைக்கிள்களும் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. லிப்ட் திறந்தது. இறுக்கமான சைக்கிள் உடுப்பில், தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மணியம் மாமா. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரிப்பை அடக்கினேன், ஆனால் சந்தோஷத்தில் கண் கலங்கியது நிஜம்.

கடைசி சைக்கிளுக்குப் பின்னால் தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு ஹமீது பாயின் வேன் போகும். பாய் ஓட்ட, நான் பக்கத்தில், அக்கா பின்னால். சமதளத்தில் எல்லாரும் கொத்தாகப் போனார்கள். மலையடிவாரத்தில் சந்திரன் போனை அமுக்கி நேரத்தைத் தொடங்கினார். கொத்து கலைந்தது. ஒவ்வொருவராக மேலே மறைந்தார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் எங்களுக்கு முன்னால் இரண்டே பேர்தான். மாமாவும் ரூபனும்.

மாமா பட்டபாடு பார்க்கச் சகிக்கவில்லை. தோள் இரண்டும் ஆட, சைக்கிள் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய் வந்தது. பக்கத்தில் ரூபன். ஒரு வண்டி முக்குகிறதா, சும்மா உருளுகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இந்தப் பையன் வாயைக்கூடத் திறக்கவில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அப்பாவின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்து, கீழே விழாமல் இருக்க மட்டும் மிதித்துக்கொண்டிருந்தான். செங்குத்தான இடங்களில் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது முறை தட்டிவிடவில்லை.

“பாய், டிசம்பர்லயும் நீங்க பின்னால வந்தீங்களா?”

“இல்ல அக்கா. நான் உம்ராவுக்கு மக்கா போயிருந்தேன். அன்னிக்கு வேனே இல்ல.”

என் கால் இல்லாத பிரேக்கை ஓங்கி அமுக்கியது. “அக்கா, அந்த இருபத்தாறு நிமிசம் உன் மகனோடது இல்ல.”

“அப்புறம் யாரோடது?”

முன்னால் ஆடிக்கொண்டு போகிற முதுகைக் காட்டினேன். “உம் பையன்தான் வாலா வந்திருக்கான். மாமா மேல போயி மாத்தி எழுதிட்டாரு. தன் பேருக்கு வால், அவன் பேருக்கு நேரம்.”

அக்கா முன்னால் சாய்ந்து அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு, “வண்டிய நிறுத்துங்க பாய். நான் எறங்கிக் கேக்கறேன். ஆறு வாரமா நான் ஒழுங்காத் தூங்கல” என்று கதவைப் பிடித்தாள்.

“வேண்டாங்க்கா. ஏத்தத்துல நிறுத்தினா மறுபடி கிளப்ப முடியாது. மேல போகட்டும்” என்றேன். வேனைச் சொன்னேனா, மாமாவைச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. பாய் கியரைக் குறைத்து ஏற்றினார்.

உச்சிக் கடையில் மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டோரத்தில் துரியான் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வாசனைக்கு எனக்குத் தலை சுற்றியது. அதை ஒரு கூட்டம் விரல் விரலாக நக்கிக்கொண்டிருந்தது. மாமா சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்கண்ணே, இன்னிக்கும் நீங்கதான் வாலா?” சந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் கொடுமை. “இருபத்தேழு நிமிசம். போன தடவைய விட ஒண்ணு கூட. ரூபா, உடம்பு சரியில்லையா தம்பி?”

ரூபன் சிரித்தான். “ஆமா அங்கிள், கொஞ்சம் டயர்ட்.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா பலகைக்குப் போய்விட்டார். பேனா மூடியைக் கழற்றினார். ரூபன் எழுந்து ஓடி, “விடுங்கப்பா, வேணாம்” என்றான். அவர் அவனைத் தள்ளிவிட்டு எழுதினார். ரூபன், வால். மணியம், இருபத்தேழு.

“போன டிசம்பரும் இதான்” என்றார் பலகையைப் பார்த்தபடியே. மூச்சு வாங்கியது. “அவன்தான் எனக்கு வாலா வந்தான். நான் மாத்தி எழுதினேன். இவன் யார்ட்டயும் சொல்லல.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “இந்த கிளப்ப ஆரம்பிச்சவன் நான். எனக்கே ஒருத்தன் வால் புடிக்கணுமான்னு வெக்கமாப் போச்சு. சின்னப் பொய்தானேன்னு நெனச்சேன். இந்தோனேசியாவுக்கு அப்புறம் நீங்க அந்த நேரத்த வெச்சு ஊசி போட்டானான்னு பேச ஆரம்பிச்சப்ப, சொல்ல வாய் வரல. அவன்ட்ட பேசவும் மூஞ்சி இல்ல. கேப்டனுக்கு நிக்கலன்னு கோபம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

அக்கா நடந்து போய் அவர் முன்னால் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கொஞ்சம் வலிக்கிற மாதிரியே துடைத்தாள்.

சந்திரன் போனோடு எழுந்து வந்தார். “அண்ணே, இந்தப் படத்த நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் தெரியுமா? ரூபா, சாரி தம்பி. இப்பவே எல்லாருக்கும் திருப்பி அனுப்பறேன்” என்று இன்றைய பலகையைப் படமெடுத்தார். எடுத்தவர் சும்மா இருந்தாரா? “ஆனா ஒண்ணு கேக்கறேன். அப்பாவுக்கு நின்னே. அங்க கேப்டனுக்கு ஏன் நிக்கல? ரேடியோ கேக்கலையா?”

இந்த மனிதரை என்னதான் செய்வது.

“கேட்டுச்சு அங்கிள்” என்றான் ரூபன். “நில்லுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. நிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. தெரிஞ்சுதான் போனேன், தப்புதான். கேப்டன்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். அவர் இன்னும் பேசல.” கையுறையைக் கழற்றினான். “எட்டு வயசுல இருந்து யாருக்காவது நின்னுக்கிட்டே ஏறறேன். ஒரே ஒரு நாள், நிக்காம ஏறினா எவ்ளோ தூரம் போகும்னு பாக்கணும்னு தோணுச்சு.”

பாய் மூக்கை உறிஞ்சினார். எனக்குக் கேப்டன் மேல் பரிதாபமாகவும் இருந்தது, இந்தப் பையன் செய்தது சரி என்றும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இப்போதுவரை தெரியவில்லை.

மாமா மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கீழ எறங்கு” என்றார்.

“என்னப்பா?”

“அடிவாரத்துக்குப் போ. திரும்ப ஏறி வா. யாருக்கும் நிக்காத. நான் இங்க இருக்கேன்.”

ரூபன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு இறங்கிப் போனான். சந்திரன் அடிவாரத்துக்கு ஆள் அனுப்பி, போனில் இருவரும் பேசி நேரம் பார்க்க ஏற்பாடு செய்தார். துரியான் தின்றவர்கள் கையைக்கூடக் கழுவாமல் கடைசி வளைவுக்கு வந்து நின்றார்கள். எங்களுக்குக் கீழே ரோடும் மரமும்தான் தெரிந்தன. மாமா எல்லாருக்கும் முன்னால் பத்தடி தள்ளி நின்றார்.

“பந்தயத்த போன்ல பாத்தா எறும்பு மாதிரி போவானுங்க” என்றார் என்னிடம். “ரோட்டுல எப்பவும் அவன் முதுகுதான். இல்லன்னா பக்கத்துல மெதுவா வருவான். அவன் ஏறி எதிர்ல வந்து நான் பாத்ததே இல்ல கோகிலா.”

வளைவில் வந்தான். முதலில் அவன்தானா என்றே சந்தேகமாக இருந்தது. வாய் கோணிப்போய்த் திறந்திருந்தது. எச்சில் தாடையில் வழிந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. கண் எங்களைப் பார்த்தது, ஆனால் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சீட்டிலிருந்து எழுந்து, ஒவ்வொரு மிதிக்கும் முனகிக்கொண்டே வந்தான். கை தட்டத் தயாராக நின்ற கூட்டம் தட்டவே இல்லை. அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றவன் சைக்கிள் மேலேயே கவிழ்ந்துகொண்டான்.

“பத்து நிமிசம்...” என்று சந்திரன் தொடங்கினார். மாமா திரும்பாமலே கையை உயர்த்தினார். சந்திரன் நிறுத்திக்கொண்டார்.

மாமா அவனுடைய ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

“உனக்கு ஈஸின்னுல்லடா இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவ்ளோ வலிக்குமா?”

ரூபனுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.